அறிவிப்பாளரும் அறிவாளரும்

ஒருவர் பேசுகிறார், கேட்போர் சிரிக்கின்றனர். சிரித்து ஓய்ந்தபின் ஒரு வினா எழுகிறது: இவர் உண்மையிலேயே அறிவாளியா, அன்றி வெறும் சொற்சாமர்த்தியம் படைத்தவரா? மேடை தோன்றிய நாள்தொட்டே இவ்வினா இருந்து வருகிறது. ஆயினும் வானொலி வந்தபின் அது புதியதொரு வடிவம் பெற்றது. மேடையில் பேசுகிறவரை நாம் கண்ணால் காண்கிறோம். அவர் எத்தகையவர், யாரோடு பழகுகிறார், சொன்னபடி நடக்கிறாரா என்பதை ஊரார் ஒருவாறு அறிவர். வானொலியில் பேசுகிறவருக்கோ முகமில்லை. குரல் ஒன்றே அவருடைய முழு உருவம். அக்குரலை மட்டும் வைத்து நாம் அவருடைய அறிவை அளக்க முற்படுகிறோம், அளந்துவிட்டதாகவும் நம்புகிறோம். அதன் பொருட்டு நண்பரோடு வழக்காடுகிறோம். சில வேளைகளில் நட்பையே இழந்தும் விடுகிறோம்.

இதனை வேலையற்றோர் விவாதம் என்று தள்ளிவிடலாகாது. நாம் யாரை அறிவாளி என்று ஏற்கிறோமோ அவருடைய சொல் நம் இல்லத்துக்குள் நுழைகிறது. அவருடைய எள்ளல் நம் பிள்ளைகளின் எள்ளலாகிறது; அவருடைய முடிவு நம் முடிவாகிறது. ஆகவே, ஒரு குரலை எவ்வாறு மதிப்பிடுவது என்பது அறம் சார்ந்த வினாவே ஆகும்.

கடல் கடந்து வந்த குரல்கள்

தமிழகத்தில் இவ்விவாதம் சூடுபிடித்தது இலங்கை வானொலியால்தான். 1950-இல் இலங்கை வானொலி தன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952-இல் இந்தியாவின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சர் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரைப்படப் பாடல்கள் மக்களின் இசை ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடமில்லாமற் செய்தார். மக்கள் ரசனையைத் திருத்திக்கொள்ளவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பிக்கொண்டனர். 1957-இல் விவித பாரதி தொடங்கப்பெற்ற போது, வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் இலட்சக்கணக்கான இல்லங்கள் கொழும்பின் குரலுக்குப் பழகிவிட்டிருந்தன.

தமிழ் ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனன் தொடங்கி வைத்த மரபு பின்னர் பல கிளைகளாய்ப் பரந்தது. ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் பெயர்களைப் போல வழங்கின. தங்கள் வட்டாட்சியரின் பெயரை அறியாத சிற்றூரார்கூட, இன்ன கிழமை இன்ன நேரத்தில் இன்ன அறிவிப்பாளர் வருவார் என்பதை அறிந்திருந்தனர்.

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர் கடலோர ஊரன்று. இலங்கையின் குரல் அங்கே இராமநாதபுரத்திலோ நாகப்பட்டினத்திலோ கேட்பது போலத் தெளிவாகக் கேட்க வழியில்லை. பகலில் மங்கிக் கிடக்கும் மத்திய அலை, கதிரவன் மறைந்தபின் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். ஆதலின் இரவில் ஒலி எழும்பும், தேயும், மீண்டும் எழும்பும். நகைச்சுவையின் முன்பாதி கேட்டுப் பின்பாதி இரைச்சலில் கரைந்து போவதும் உண்டு. பாதி கேட்ட நகைச்சுவைக்கு மீதியைக் கேட்பவரே கற்பித்துக்கொள்ளும் போது, அந்த அறிவிப்பாளர் உள்ளதைக் காட்டிலும் ஒருபடி மேலான மேதையாகவே தோன்றியிருப்பார்! தொலைவுக்கு இத்தகைய ஒரு மயக்கும் ஆற்றல் உண்டு.

ஒரு வழக்கும் அதன் நான்கு சொற்களும்

கடத்தூர் வெற்றிலை வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். சந்தைக்கு வெற்றிலைக் கட்டு சுமந்து வரும் கவுண்டரும், அதனைக் கவுளி எண்ணி வாங்கும் பாயும் தேநீர்க் கடையில் ஒரே பலகையில் அமர்வர். 1970-களின் இறுதியில் அத்தகைய கடைகளில் நிகழ்ந்த வழக்குகளின் சாரத்தை ஓர் உரையாடலாக வடித்தால், அது ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

"அப்துல் ஹமீது சொல்ற தமிழைக் கேளுங்க கவுண்டரே. ழகரத்தை ழகரமாவே சொல்றாரு. அதுக்குப் படிப்பு வேணும்."

"படிப்பு இருக்கட்டும் பாய். ராஜா மாதிரி நொடிக்கு நொடி எடுத்துவிட முடியுமா? மூளை ஓடினாத்தானே நாக்கு ஓடும்?"

"நாக்கு ஓடறதுதான் அறிவுன்னா, சந்தையில ஏலம் கூவறவன்தான் பெரிய மேதை."

"நீங்க உங்க ஆளுன்னு பேசறீங்க பாய்."

இந்த நான்காவது சொல்லோடு வழக்கு முடிந்துவிடும். அதன்பின் பேச ஒன்றுமில்லை. இருவரும் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருப்பர்.

இந்நான்கு சொற்களையும் சற்றே பிரித்து நோக்குவோம். முதற்சொல், செப்பமே அறிவின் அடையாளம் என்கிறது. இரண்டாவது சொல், விரைவே அறிவின் அடையாளம் என்கிறது. இரண்டும் நேர்மையான கருத்துகள். இரண்டிலும் ஒரு பாதி உண்மை உண்டு. ஹமீதின் தமிழ் உச்சரிப்புத் தெளிவும், ராஜாவின் மின்னல் வேகமும் மறுக்கவியலாதவை. மூன்றாவது சொல் எத்தகையது? அது கேட்போரைச் சிரிக்க வைக்கும். வழக்கில் வெற்றியும் தரும். ஆனால் அது எதிர்வாதத்துக்கு விடையாகாது. ஏலம் கூவுகிறவன் கூவுவது மனப்பாடமான கூற்று. நேரத்துக்குத் தக்கபடி புதிதாய்ச் சொல்லெடுப்பது வேறு திறன். இவ்விரண்டின் வேறுபாட்டையும் அந்தச் சிரிப்பு மறைத்துவிட்டது. அத்துடன், அங்கே இல்லாத, தன் வயிற்றுக்காகத் தொண்டை வறளக் கூவுகிற ஓர் எளியவனும் இடையில் இகழப்பட்டுவிட்டான்.

நான்காவது சொல்லோ மற்ற மூன்றையும்விடக் கடியது. அது வாதத்தை விட்டு வாதிப்பவரைப் பற்றிக்கொள்கிறது. ஆனால், அதனைச் சொன்னவரைக் கடிந்துவிட்டு நாம் அமைதி அடையலாகாது. 'இவர் நம்மவர்' என்னும் எண்ணம் நம் பாராட்டில் கலந்திருக்கவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் இயலும்? கொழும்பில் பிறந்த ஒரு முஸ்லிம், ஈழத்திலும் தமிழகத்திலும் நல்ல தமிழுக்குச் சான்றாக நிற்பது நமக்கு மகிழ்வூட்டுவது இயல்பே. மகிழ்தல் குற்றமன்று. மகிழ்ச்சியை மதிப்பீடாக எண்ணிக்கொள்வதுதான் குற்றம். நம்மவர் என்பதால் ஒருவரை உயர்த்தினால், அவர் தம் உழைப்பால் ஈட்டிய சிறப்பையும் நாமே ஐயத்துக்கு உள்ளாக்குகிறோம்.

ஒரே சொல், இரு பணிகள்

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு வழிகாட்டி உண்டு. அது நம் மொழி வழக்கிலேயே பொதிந்து கிடக்கிறது. வானொலியில் பேசுகிறவரை 'அறிவிப்பாளர்' என்கிறோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பொன்மொழியைக் கேட்டு, அடுத்தவருக்கு எடுத்துரைத்த ராவியையும் தமிழில் 'அறிவிப்பாளர்' என்றே அழைக்கிறோம். சொல் ஒன்றாயிருப்பது தற்செயல்தான். எனினும் அத்தற்செயலில் ஒரு படிப்பினை இருக்கிறது.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஓர் அறிவிப்பாளரைப் பற்றி என்ன கேட்டார்கள்? அவர் குரல் இனிதா என்று கேட்கவில்லை. அவர் பேச்சில் கூட்டம் மயங்கியதா என்றும் கேட்கவில்லை. இரண்டை முதன்மையாகக் கேட்டார்கள்: இவர் நேர்மையாளரா? இவருடைய நினைவு துல்லியமானதா? நல்லவராயிருந்தும் நினைவு பிசகுகிறவருடைய அறிவிப்பை ஒருபடி இறக்கி வைத்தார்கள். நினைவாற்றல் மிக்கவராயிருந்தும் பொய்யரென்று தெரிந்தவரை அறவே ஒதுக்கினார்கள். ஆயிரக்கணக்கானோரின் வாழ்வை இவ்வாறு ஆய்ந்து, ஒரு தனிக்கலையையே உருவாக்கினார்கள்.

இதனினும் நுட்பமான மற்றொரு பாகுபாட்டைப் பெருமானார் (ஸல்) அவர்களே நமக்குக் காட்டியுள்ளார்கள். ஞானத்தைச் சுமந்து செல்லும் பலர் அந்த ஞானத்தின் ஆழத்தைத் தாம் அறியாதவராயிருக்கக் கூடும் என்றும், செய்தி எடுத்துரைக்கப் பெற்றவர் அதனை நேரிற் கேட்டவரைவிட நன்கு உணர்ந்துகொள்ளக் கூடும் என்றும் கருத்தமைந்த நபிமொழிகள் உள்ளன. சுமப்பவர் வேறு, உணர்ந்தவர் வேறு. ஒருவரே இரண்டுமாகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் சுமப்பவருக்கும் ஒரு மாண்பு உண்டு. அவர் இல்லையேல் உணர்பவரிடம் அது வந்து சேர்ந்திராது.

வானொலி நேயர்களின் வழக்கு முழுவதும் இந்த ஒரு பாகுபாட்டை மறந்ததால் வந்ததே. 'இவர் அறிவாளியா, வெறும் பேச்சாளியா' என்று இரண்டே தட்டுகளை வைத்து நிறுக்கின்றனர். மூன்றாவது தட்டு ஒன்று உண்டு: இவர் நேர்மையான சுமப்பாளர். அத்தட்டில் வைக்கப்படுவது எவருக்கும் இழிவன்று.

நம்மவர் என்னும் மயக்கத்துக்கும் ஹதீஸ் கலையிலேயே மருந்து இருக்கிறது. ஹிஜ்ரி 234-இல் மறைந்த அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்கள் அக்கலையின் பெருந்தூண்களுள் ஒருவர். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியர். அவருடைய தந்தையாரும் ஹதீஸ் அறிவிப்பவரே. தந்தையின் தகுதியைப் பற்றி அவரிடம் வினவிய போது, வேறொருவரைக் கேளுங்கள் என்றார். அவர்கள் மீண்டும் வற்புறுத்தவே தலைகுனிந்திருந்து, பின்னர் நிமிர்ந்து, இது மார்க்கம் ஆயிற்றே என்று கூறித் தம் தந்தையார் அறிவிப்பில் பலவீனமானவர் என்று சான்றுரைத்தார் என வரலாறு கூறுகிறது. தந்தையை அவர் இகழவில்லை. முதலில் நழுவப் பார்த்தது அன்பு; பின்னர் உண்மையைச் சொன்னது நேர்மை. இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பெற்ற தந்தையிடத்திலேயே இத்துணை நடுநிலை இயலுமாயின், கடல் கடந்த ஒரு குரலிடத்தில் இயலாதா?

சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

சுமப்பவரின் மாண்பு யாது என்பதை விளங்கிக்கொள்ளத் தமிழகத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. தென்கச்சி கோ. சுவாமிநாதன் வேளாண்மை பயின்றவர். அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர். சென்னை வானொலியில் காலைதோறும் அவர் வழங்கிய 'இன்று ஒரு தகவல்' தமிழ்நாடெங்கும் சாதி, சமய வேறுபாடின்றிக் கேட்கப்பட்டது. 2009-இல் அவர் மறைந்தார். அவருடைய ஒலிப்பதிவுகளை மக்கள் இன்றும் கைப்பேசியில் கேட்கின்றனர்.

அவருடைய முறை எளிது. உடல்நலமோ, உளவியலோ, வரலாறோ, ஏதேனும் ஒரு செய்தியைச் சில நிமிடம் நிதானமாகச் சொல்வார். இறுதியில் ஒரு சிறுகதை வரும். கேட்போர் சிரிப்பர், அவர் சிரிக்கமாட்டார். குரலில் ஏற்றமில்லை, ஆர்ப்பாட்டமில்லை. ஊர்த் திண்ணையில் பெரியவர் ஒருவர் பேசுவது போன்ற அதே சமநிலை.

அவரைப் பற்றியும் நேயர்களிடையே வழக்கு இருந்தது. அவர் ஒரு ஞானி என்றனர் சிலர். பல நூல்களில் உள்ளதைத் திரட்டிச் சொல்பவர்தாமே, இதில் அவருடைய சொந்தச் சரக்கு யாது என்றனர் வேறு சிலர். இரண்டாம் சாராரின் வினா நியாயமானதே. ஆனால் அதன் விடை அவர்கள் எண்ணியதன்று. பரந்த படிப்பிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும், அதனைப் பள்ளிக்கூடம் காணாத மூதாட்டிக்கும் விளங்குமாறு சுருக்குவதும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிந்து நிறுத்துவதும் அறிவின் செயல்களே. புதிதாய்க் கண்டுபிடிப்பது ஓர் அறிவு. உரியதை உரியவரிடம் உரிய அளவில் சேர்ப்பது மற்றோர் அறிவு. திருவள்ளுவர் 'அறிவுடைமை'க்கு ஓர் அதிகாரமும், 'கேள்வி'க்கு ஓர் அதிகாரமும், 'சொல்வன்மை'க்கு ஓர் அதிகாரமும், 'அவையறித'லுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தது இவை வெவ்வேறு ஆற்றல்கள் என்பதனாலன்றோ?

அவருடைய நகைச்சுவையில் கவனிக்கத் தக்கது இன்னொன்று. அவர் கதைகளில் வரும் அசடர் பெரும்பாலும் பெயரற்றவர். கேட்கும் ஒவ்வொருவரும் அந்த அசடரில் தம்மையே கண்டு சிரிக்கலாம். ஒரு குறிப்பிட்ட மனிதரையோ கூட்டத்தையோ சுட்டிப் பிறரைச் சிரிக்கச் சொல்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

உண்மையைத் தவிர வேறெதுவும் இல்லாத நகைச்சுவை

சிரிப்பு உள்ளத்தைச் சாகடிக்கும், ஆகவே நகைச்சுவையாளரை அறிவாளர் வரிசையில் வைப்பதே பிழை என்று கருதும் பெரியோர்களும் நம்மிடையே உளர். அளவுமீறிய சிரிப்பு உள்ளத்தை மரிக்கச் செய்யும் என்ற கருத்தில் நபிமொழி உண்டு என்பது மெய்யே. ஆனால் அங்கே 'அளவுமீறிய' என்பதே உயிர்ச்சொல். பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் நகையாடியதுண்டு. தாங்களும் எங்களோடு நகையாடுகிறீர்களே என்று தோழர்கள் வியந்த போது, தாம் உண்மையையன்றி வேறெதனையும் சொல்வதில்லை என்று அவர்கள் விளக்கினார்கள்.

ஊர்ந்து செல்ல ஒட்டகம் வேண்டி வந்த ஒருவரிடம், உமக்கு ஓர் ஒட்டகக் குட்டியைத் தருகிறேன் என்றார்கள் அண்ணலார். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். ஒட்டகம் ஈன்றதல்லாத ஒட்டகம் ஏதேனும் உண்டோ என்று நபிகளார் வினவினார்கள். இந்நிகழ்ச்சியின் அழகு யாது? சொல்லப்பட்டதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. கேட்டவர் இழிவுபடவில்லை, ஒரு கணம் திகைத்து, மறுகணம் சிந்தித்துத் தெளிந்தார். கேட்டது அவருக்குக் கிடைக்கவும் செய்தது. உண்மை, கண்ணியம், சிந்தனை ஆகிய மூன்றும் ஒரு சிறு நகையாடலில் ஒருங்கே அமைந்துவிட்டன. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய்யுரைப்பவனை அதே திருநாவு வன்மையாக எச்சரித்திருக்கிறது. ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தைப் பரிகசிக்க வேண்டாம், பரிகசிக்கப்படுவோர் மேலானவராயிருக்கக் கூடும் என்று திருமறையின் 49-ஆம் அத்தியாயம் தடுக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நாவின் கேடுகளாக 20 எண்ணி, அவற்றுள் எல்லைமீறிய பரிகாசத்தையும் ஏளனத்தையும் தனித்தனியே வைத்திருப்பது இங்கு நினைக்கத் தக்கது.

ஹிஜ்ரி 597-இல் மறைந்த பக்தாத் பேரறிஞர் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள், பெருங்கூட்டங்களைக் கண்ணீர் சிந்த வைத்த சொற்பொழிவாளர். அவரே அசடர்களைப் பற்றிய வேடிக்கைச் செய்திகளைத் திரட்டி ஒரு நூலும், மதிநுட்பம் மிக்கோரைப் பற்றி மற்றொரு நூலும் யாத்தார். இடைவிடாத கடுமையால் உள்ளம் சோரும், அதற்கு ஆகுமான இளைப்பாறுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதே அறிஞர், கூட்டத்தை மயக்கும் கதைசொல்லிகளின் பொய்களைத் தோலுரித்தும் ஒரு நூல் எழுதினார். நகைச்சுவையை அவர் வெறுக்கவில்லை. நகைச்சுவையின் போர்வையில் வரும் பொய்யைத்தான் வெறுத்தார்.

இது பற்றி நூல்களில் வழங்கும் கதையொன்று நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. பக்தாதின் பள்ளிவாசல் ஒன்றில் கதைசொல்லி ஒருவன், அஹ்மத் இப்னு ஹன்பலும் யஹ்யா இப்னு மஈனும் எனக்கு அறிவித்தார்கள் என்று கூறி, இட்டுக்கட்டிய ஹதீஸ் ஒன்றை நீட்டி முழக்கினானாம். அவ்விரு மேதைகளும் அங்கேயே அமர்ந்திருந்தனர். கூட்டம் கலைந்தபின் யஹ்யா அவனை அழைத்து, நான்தான் யஹ்யா, இவர்தாம் அஹ்மத், நாங்கள் இதனை ஒருபோதும் கேட்டதில்லையே என்றார். அவனோ சற்றும் கலங்கவில்லை. யஹ்யா ஓர் அறிவிலி என்று கேள்விப்பட்டிருந்தேன், இன்றுதான் அது உறுதியாயிற்று, உலகில் உங்களையன்றி வேறு யஹ்யாவும் அஹ்மதும் இல்லையா, நான் 17 அஹ்மத் இப்னு ஹன்பல்களிடம் கேட்டு எழுதியிருக்கிறேனே என்றானாம்!

என்ன விரைவு! என்ன துணிவு! கடத்தூர்த் தேநீர்க் கடையில் அவன் அமர்ந்திருந்தால் வழக்கு அவன் பக்கமே வென்றிருக்கும். நாமும் படித்தவுடன் சிரித்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில் கிடப்பது பச்சைப் பொய். சமயோசிதம் வேறு, அறிவு வேறு என்பதற்கு இக்கதையினும் கூர்மையான சான்று அரிது. இக்கதையைப் பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு. இத்துணை சுவையான கதையின் வரலாற்று உண்மையையும் ஐயுற்ற ஹதீஸ் அறிஞர்கள் இருந்திருக்கிறார்கள். தம் கட்சிக்குச் சாதகமான கதையைக் கூட அவர்கள் உரைத்துப் பார்த்தார்கள். சுவையாயிருப்பது உண்மையாயிருப்பதற்குச் சான்றாகாது என்ற அளவுகோலைத் தமக்கே முதலில் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சிரிப்பு கொல்லும் போது

சிரிப்பூட்டும் குரலை ஆய்ந்து கேட்க வேண்டும் என்று சொன்னால், இதென்ன பெரிய விஷயம், பொழுதுபோக்குத்தானே என்பார் உண்டு. அவர்கள் ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே 1993 ஜூலையில், 'ஆயிரம் குன்றுகள்' என்னும் பொருள்படும் பெயருடன் தனியார் வானொலி ஒன்று தொடங்கப்பெற்றது. அரசு வானொலி விறைப்பாகப் பேசிய நாட்டில் இவ்வானொலி மக்கள் மொழியில் பேசியது; புதிய பாடல்களை ஒலிபரப்பியது; நகைச்சுவை மழை பொழிந்தது. கன்டானோ ஹபிமானா என்னும் அறிவிப்பாளரின் குறும்புப் பேச்சுக்கு நேயர்கள் ஏராளம். அந்தக் குறும்புக்குள்ளேதான் துட்சி இனத்தவரைக் 'கரப்பான்கள்' என்று அழைப்பதும் பழக்கமாயிற்று. முதலில் மக்கள் சிரித்தனர். 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கிய போது, கொல்லப்பட வேண்டியவர்களைத் தேடும்படி அதே குரல்கள் தூண்டின. ஏறத்தாழ 100 நாள்களில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அவ்வானொலியை நிறுவியவர்களுள் இருவரை, அருஷா நகரில் அமைந்த ஐக்கிய நாடுகளின் நீதிமன்றம் 2003-இல் குற்றவாளிகள் என்று தீர்த்தது.

அந்த அறிவிப்பாளர் மதிநுட்பம் அற்றவரல்லர். சொல்வன்மையும் சமயோசிதமும் அவரிடம் நிரம்பவே இருந்தன. அவற்றினாலேயே நஞ்சு இனித்தது. நயவஞ்சகரின் தோற்றம் கண்ணைக் கவரும், அவர்கள் பேசினால் காது கொடுத்துக் கேட்கத் தோன்றும், ஆயினும் அவர்கள் சாய்த்து வைக்கப்பட்ட மரக்கட்டைகளைப் போன்றவர்கள் என்று திருமறையின் 63-ஆம் அத்தியாயம் காட்டும் உவமையை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்கத் தூண்டும் பேச்சு என்பது ஒரு சான்றிதழன்று. அது ஒரு எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

கேட்பவரின் கடமை

அங்ஙனமாயின் ஒரு குரலின் அறிவை எங்ஙனம் அளப்பது? மேற்கண்டவற்றிலிருந்து சில வினாக்களை நாமே தொகுத்துக்கொள்ளலாம். இவர் சொல்வது உண்மையா? இவர் சிரிக்க வைப்பது யாரை இழிவுபடுத்தி? சிரித்து முடித்தபின் என் நெஞ்சில் சிந்தனை எஞ்சுகிறதா, செருக்கு எஞ்சுகிறதா? தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடும் அடக்கம் இவரிடம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காணக் குரலினிமையும் வேகமும் துணைசெய்யா. நீண்ட நாள் நிதானமாகக் கேட்பதொன்றே துணைசெய்யும்.

இவற்றோடு இன்னொரு வினாவையும் சேர்க்க வேண்டும். அது பேசுகிறவரை நோக்கியதன்று, கேட்கிறவரை நோக்கியது. சொற்களைச் செவிமடுத்து, அவற்றுள் மிக அழகானதைப் பின்பற்றுவோரே இறைவனின் நேர்வழி பெற்றோர், அவர்களே அறிவுடையோர் என்று திருமறையின் 39-ஆம் அத்தியாயம் கூறுகிறது. அறிவுடையோர் என்னும் பட்டம் அவ்விடத்தில் பேசுகிறவருக்குச் சூட்டப்படவில்லை. கேட்டுத் தேர்கிறவருக்கே சூட்டப்பட்டிருக்கிறது. நேயர்கள் ஆண்டுக்கணக்காக யாருக்கு அளிப்பது என்று வழக்காடிய அந்த மகுடம், அவர்கள் தலைக்காகவே காத்திருந்தது போலும்!

இன்று வானொலிப் பெட்டி மூலையில் கிடக்கலாம். ஆனால் குரல்கள் குறையவில்லை. தருமபுரியில் அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் இயங்குகிறது; அதனினும் அருகே, நம் பிள்ளைகளின் கையிலுள்ள கைப்பேசியில் ஆயிரம் அறிவிப்பாளர்கள் குடியிருக்கின்றனர். எவரும் பேசலாம், எவரும் எள்ளலாம். ஒரு சொற்பொழிவில் எதிரியை மடக்கிய அரை நிமிடத் துணுக்கை மட்டும் வெட்டி எடுத்து, இதோ நம்மவரின் அறிவைப் பாரீர் என்று வீடுவீடாக அனுப்புகிறோம். மார்க்கப் பேச்சாளர்களையும் நாம் இப்படித்தான் நிறுக்கத் தொடங்கியிருக்கிறோம் என்பது வருந்தத் தக்கது. அவர் சொன்னது சரியா என்பதன்று, அவர் மடக்கினாரா என்பதே வினாவாகிவிட்டது. கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்லுவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதுமானது என்ற நபிமொழியின் கருத்து, இன்று அனுப்பும் விரல்களுக்கும் பொருந்தும். அனுப்புகிறவரும் ஓர் அறிவிப்பாளரே. அந்தப் பெயரின் பொறுப்பு அவருக்கும் உண்டு.

அப்துல் ஹமீத் தம் நினைவுகளை எழுதிய நூலுக்கு 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்று பெயரிட்டார். இவ்வுலகில் அந்நியனைப் போல, அன்றி ஒரு வழிப்போக்கனைப் போல வாழ்க என்ற நபிமொழியை அறிந்த நமக்கு அப்பெயர் அயலானதன்று. கே.எஸ். ராஜாவோ கொழும்பில் கொலையுண்டார். இலட்சக்கணக்கான நேயர்கள் கொண்டாடிய குரலுக்குரிய மனிதரை அவர்களுடைய ஆரவாரம் காக்கவில்லை. புகழ்பெற்ற குரல்களும் வழிப்போக்கர்களே. அவர்களைத் தெய்வமாக்குவதும், நம் சாதிக்கும் சமயத்துக்கும் சொத்தாக்கிக்கொள்வதும், பின்னர் அதன் பேரால் அண்டை வீட்டாரோடு மனம் கசப்பதும் அவர்கள் நம்மிடம் கேட்டவையல்ல.

வழிப்போக்கர் ஒருவர் நம் வாசலில் நின்று நல்ல செய்தி ஒன்றைச் சொல்லிச் சென்றால், நன்றியோடு கேட்போம். தவறானதைச் சொன்னால், அவர் நம் உறவினராயினும், மதிப்புக் குறையாமல் மறுப்போம். அவர் நம்மைச் சிரிக்க வைத்தால், யாருடைய கண்ணீரின் மேல் நிற்கிறது அந்தச் சிரிப்பு என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். கேட்டதில் தேர்ந்தெடுத்த நல்லதை, கூட்டாமலும் குறைக்காமலும் நம் மக்களிடம் ஒப்படைப்போம். செவியும் பார்வையும் உள்ளமும் யாவும் விசாரிக்கப்படும் நாளில், அந்த அறிவிப்பாளர் மேதையா என்று நம்மை எவரும் கேட்கப்போவதில்லை. கேட்டதைக்கொண்டு நாம் என்ன செய்தோம் என்றே கேட்கப்படுவோம்.